சிவப்பு மூடிப் போத்தல்கள்

நான்கு ஆறுகள் எங்கள் ஏரியில் வந்து சேர்கின்றன. ஏரி என்று நாங்கள் சொன்னாலும் அது அணை கட்டித் தேக்கிய தண்ணீர். இந்தக் கரையில் நின்று பார்த்தால் அந்தக் கரையிலுள்ள செம்பனை மரங்கள் புல் வரிசை போலத் தெரியும். அவ்வளவு அகலம். சுற்றியுள்ள ஊர்களின் குழாய்களில் வருவது இந்தத் தண்ணீர்தான். ஆறுகள் ஏரிக்குள் என்னென்ன கொண்டுவருகின்றன என்று பார்ப்பதற்காக, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நான்கு முகத்துவாரங்களிலும் போத்தல்களில் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, செனாய்ப் பக்கம் ஒரு தொழிற்பேட்டையில் இருக்கும் லேப்பில் அதே நாளில் ஒப்படைப்பது என் வேலை.

நான் ஆறாம் வகுப்புவரை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். அதற்குப் பிறகு படிக்கவில்லை. லாரியில் கெலிண்டானாகப் பல வருடம் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து போய், சாமான் ஏற்றி இறக்கி, முதுகு பிடித்துக்கொண்ட பிறகு இந்த வேலை கிடைத்தது. கிடைத்ததும் எனக்குப் பிடித்துப்போன ஒரே வேலை இதுதான். காரணம், இதில் யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை. எனக்குப் பேச்சு வராது. கடையில் தே-ஓ கேட்டு பால் போட்ட டீ வந்தால் அதையே குடித்துவிட்டு வந்துவிடுகிற ஆள் நான்.

தண்ணீர் பிடிப்பதற்கு ஒரு முறை உண்டு. படகின் முன்பக்கம் மண்டியிட்டு, ஆறு வரும் திசையைப் பார்த்து, போத்தலைக் கவிழ்த்துப் பிடித்து முழங்கை ஆழத்துக்கு இறக்க வேண்டும். பிறகு தண்ணீருக்குள்ளேயே அதை நிமிர்த்த வேண்டும். மேலாக அள்ளினால் மிதக்கிற குப்பைதான் வரும். பிடிப்பதற்கு முன்னால் அதே ஆற்றுத் தண்ணீரால் போத்தலை மூன்று முறை அலசிக் கொட்ட வேண்டும். முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான். அலசுவதை யாரும் எனக்குச் சொல்லித்தந்திருக்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்கும் முன், கழுவிக் கவிழ்த்து வைத்த டம்ளராக இருந்தாலும் இன்னொரு முறை அலசித்தான் கொடுப்போம். அடியில் சொட்டு நிற்கிற டம்ளரை ஒருவர் கையில் கொடுப்பது மரியாதை இல்லை.

என்னைப் படகில் கொண்டுபோகிறவர் மூன்றாவது ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறார். அங்கே ஒரு தோட்டம் மூடப்பட்டு, நாலைந்து வீடுகள் மட்டும் மிச்சம் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் அவரும் மனைவியும் குடியிருக்கிறார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். படகுக்கு லேப் வாடகை கொடுக்கிறது. மற்ற நாட்களில் அதே படகில் மீன் பிடிப்பார். எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

"ஏன்டா தம்பி, ஒன் வாய்க்கும் மூடி போட்டு லேப்புக்கு அனுப்பிட்டாங்களா?" என்பார். நான் சிரிப்பேன். "சிரிப்பாவது வருது, பரவால்ல" என்று மோட்டாரைக் கிளப்புவார்.

வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து சிவப்பு மூடிப் போத்தல்கள் வந்தன. அதுவரை வெள்ளை மூடியும் பழுப்புக் கண்ணாடியும்தான். ஆறுகளில் ஈயம், செம்பு மாதிரி உலோகங்கள் கலக்கிறதா என்று பார்க்கச் சொல்லிப் புது உத்தரவு வந்திருந்தது. அன்று லேப்பில் என்னிடம் எப்போதும் பேசும் மிஸ் விடுமுறையில் இருந்தார். சாமான் வேன் ஓட்டுகிறவர் இரண்டு அட்டைப்பெட்டிகளை என் வீட்டு வாசலில் இறக்கி, மேலே ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார். தாள் முழுக்க ஆங்கிலம். மலாய் என்றால் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். மிஸ்ஸுக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். விடுமுறையில் இருப்பவரைத் தொந்தரவு செய்வதா என்று நினைத்தேன். அவர் திரும்பி வந்த பிறகு, இத்தனை நாள் கேட்காமல் இப்போது கேட்பதா என்று நினைத்தேன். தாளை மடித்து கார் டேஷ்போர்டுக்குள் வைத்தேன். அது அங்கேயே கிடந்தது.

சிவப்பு மூடியைத் திறந்தால் அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. ஒரு தேக்கரண்டி அளவுகூட இருக்காது. லேப்பில் கழுவிவிட்டுச் சரியாகக் காயவைக்கவில்லை என்று எண்ணிக்கொண்டேன். இவ்வளவு படித்தவர்கள் ஒரு போத்தலைக் கவிழ்த்து வைக்கத் தெரியாமல் இருக்கிறார்களே என்று, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. யாரோ மிச்சம் வைத்த தண்ணீரில் நல்ல தண்ணீரைப் பிடிக்க மனம் வரவில்லை. படகுக்கு வெளியே உதறிக் கொட்டினேன். மூன்று முறை அலசினேன். சில நாள் நான்கு முறையும் அலசியிருக்கிறேன்.

கையுறை கொடுத்திருந்தார்கள். ஈரக் கையுறையோடு மூடி திறக்க வராது. அதனால் யாராவது கரையில் நின்று பார்க்கும் நாட்களில் மட்டும் மாட்டிக்கொள்வேன்.

முடிவுகள் வரத் தொடங்கின. ஆறாவது மாதத்தில் ஒரு நாள் மிஸ் ஐஸ் பெட்டியை வாங்கிக்கொண்டே சொன்னார்: "அங்கிள், மெட்டல் ஒண்ணுமே இல்ல. நாலு ஆறும் கிளீன்." அவருக்கு முப்பது வயது இருக்கும். கழுத்தில் மெல்லிய சங்கிலியும் சிலுவையும் போட்டிருப்பார். என் பெயரை மறந்துபோனாலும் பெட்டியை வாங்கும்போது சாப்பிட்டீங்களா என்று கேட்க மறக்காதவர்.

அடுத்த முறை படகில் போகும்போது அண்ணன் தண்ணீரைப் பார்த்தபடி கேட்டார்.

"தம்பி, நம்ம ஆத்துல கெளுத்திய காணோம் தெரியுமா? கல்லு மேல ஒரு மாதிரி பச்சயும் இல்ல, நீலமும் இல்ல, என்னமோ படியுது. ஒங்க லேப்புல என்னா சொல்றாங்க?"

வாழ்க்கையில் என்னிடம் ஒருவர் வந்து விவரம் கேட்பது அபூர்வம். நான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்: "டெஸ்ட் பண்ணியாச்சு அண்ணே. சுத்தம்."

"நல்லா தெரியுமா?"

"மிஸ்ஸே சொன்னாங்க. ஒண்ணுமே இல்லையாம்."

"அப்ப சரி லா" என்றார்.

அவர் அப்போது கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய ஒரே மகள் கல்யாணமாகி செனாயில் இருந்தாள், கணவன் மனைவி இருவருக்கும் தொழிற்சாலை வேலை. தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு அவளை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். என் மனைவியும் போய் வளையல் போட்டுவிட்டு வந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு விரால் மீன் சூப் வைத்துக் கொடுத்தால் புண் சீக்கிரம் ஆறும் என்று எங்கள் பக்கம் எல்லோரும் நம்புகிறோம். ஹாருவான் என்று மலாய்க்காரர்களும் அதையே தேடுவார்கள். மூன்றாவது ஆற்றின் முகத்துவாரத்தில், கோரைப் புல்லுக்குள், நல்ல விரால் உண்டு. நான் சுத்தம் என்று சொன்ன வாரத்திலிருந்து அண்ணன் அங்கே தூண்டில் போட்டு, பிடித்ததை உயிரோடு ஒரு நீல டிரம்மில் சேர்த்து வைக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு முறை நான் போகும்போதும் மூடியைத் திறந்து காட்டுவார். "பாரு, பிள்ள பொறக்கறதுக்குள்ள பன்னெண்டு சேத்துடுவேன்."

இரண்டு மாதம் போனது. சிவப்பு மூடி வந்து எட்டு மாதம் ஆனபோது மிஸ் சொன்னார், எல்லாம் இல்லை இல்லை என்றே வருவதால் இந்த மாதத்தோடு உலோகச் சோதனையை நிறுத்தப்போகிறார்களாம். இன்னும் ஒரு முறை மட்டும் பிடித்துவிட்டு மிச்சப் போத்தல்களைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அந்த வாரம்தான் வீட்டில் என் மேல் ஒரு குற்றச்சாட்டு வந்தது. நான் திருட்டுத்தனமாகச் சிகரெட் பிடிக்கிறேனாம். மனைவியிடம் சாட்சியம் பலமாக இருந்தது. என் விரல் நுனிகள் மஞ்சளாக இருந்தன, சோப்புப் போட்டாலும் போகவில்லை. வேலைக்குப் போட்டுப்போகிற இரண்டு சட்டைகளிலும் வயிற்றுப் பக்கம் பொட்டுப் பொட்டாக ஓட்டைகள்.

"நெருப்பு விழுந்த ஓட்டைதான இது? அம்பது வயசுல என்னாங்க புதுப் பழக்கம்?"

"நான் பிடிக்கல."

"அப்ப சட்டையா பிடிச்சிச்சு?"

 செய்யாத தப்புக்குப் பேச்சு வாங்க எனக்குப் பிடிக்கவில்லை. மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துக்கொண்டே அடுத்த நாள் சிவப்பு மூடிப் போத்தல் பெட்டியை நகர்த்தினேன். ஒன்று சாய்ந்தபோது அடியில் இருந்த தண்ணீர் அசைந்தது. அந்தப் பெட்டியில் இருந்த எல்லாப் போத்தலிலும், ஒன்று விடாமல், ஒரே அளவு தண்ணீர். காயவைக்க மறந்தால் ஒன்றில் கூடுதலாகவும் ஒன்றில் குறைவாகவும் அல்லவா இருக்க வேண்டும்.

பின்பக்கம் துணி துவைக்கும் சிமெண்டுத் தரையில் ஒரு சொட்டு விட்டேன். சோடா மாதிரி நுரைத்துப் பொங்கியது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இது தண்ணி இல்லங்க. பேட்டரி தண்ணி மாதிரி இருக்கு."

"பாத்தியா, சிகரெட் இல்ல."

"சரி, இல்ல" என்று ஒப்புக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "இத போத்தலுக்குள்ள எதுக்கு வச்சிருக்காங்க?"

 சிவப்பு மூடிப் போத்தல்களில் மட்டும் இருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே அளவு. அப்படியென்றால் வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். எதற்கென்று தெரியாவிட்டாலும், எட்டு மாதமாக அதை நான் ஆற்றில் கொட்டிக் கழுவியிருக்கிறேன் என்பது தெரிந்தது. காருக்குப் போய் மடித்த தாளை எடுத்துப் பார்த்தேன். மேலேயே பெரிய எழுத்தில், கோடு போட்டு, ஒரு வரி இருந்தது. அது என்ன வரி என்று படிக்காமலே புரிந்தது.

அன்று முழுவதும் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. இன்னும் ஒரு முறை. அது முடிந்தால் சிவப்பு மூடியே கிடையாது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. பேசாமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை. வாயைத் திறந்தால் வேலை போகும், இந்த வயதில் இந்த முதுகோடு மறுபடி லாரியில் ஏற முடியாது.

இதை மனைவியிடம் சொன்னேன். அவள் ஈரத் துணியை உதறிக் காயப்போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அந்த ஆறு சுத்தம்னு அண்ணன்கிட்ட சொன்னது யாரு?"

"நான்தான்."

"அது உண்மையா?"

"தெரியல."

"அந்தப் பிள்ள வாயும் வயிறுமா அங்கதான சாப்பிட்டுக்கிட்டு இருக்கா."

 மறுநாள் காலை, தண்ணீர் பிடிக்கிற நாளே இல்லாத ஒரு நாளில், காலி ஐஸ் பெட்டியையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு லேப்புக்குப் போனேன். காலிப் பெட்டி எதற்கு என்று எனக்கே தெரியாது. வெறும் கையோடு அந்த வாசலில் நிற்கப் பழக்கமில்லை.

"என்னா அங்கிள், இன்னிக்கு இல்லயே?" என்றார் மிஸ்.

"சிவப்பு மூடி மிஸ். உள்ள இருந்தத கொட்டிட்டேன். கொட்டிட்டு அலசினேன்."

"எத்தன தடவ?"

"மூணு தடவ. சில நாளு நாலு."

"அது இல்ல அங்கிள். எத்தன தடவ பிடிக்கும்போது இப்படி பண்ணீங்க?"

"எல்லா தடவயும் மிஸ். மொதல்ல இருந்து."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அலாமாக்" என்று மெல்லச் சொன்னார். பிறகு என்னையும் உட்காரச் சொல்லி, கோபப்படாமல் விளக்கினார். அது அமிலம். அமிலம் இருந்தால்தான் ஈயம் தண்ணீரிலேயே கரைந்து நிற்கும். இல்லாவிட்டால் லேப்புக்கு வந்து சோதனைக்குப் போகிறவரை உள்ள நாட்களில் போத்தலின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். இவர்கள் தண்ணீரை மட்டும் ஊற்றிச் சோதிக்கிறார்கள். ஈயம் போத்தலோடு குப்பைக்குப் போய்விடும்.

"அப்ப ஆத்துல ஈயம் இருக்கா மிஸ்?"

"தெரியாது. இருந்தாலும் சரி, இல்லன்னாலும் சரி, நமக்கு இல்லன்னுதான் வந்திருக்கும்."

அவர் தாளை மேசையில் விரித்து வைத்தார். "இங்கயும் தப்பு இருக்கு அங்கிள். போத்தல வாங்கும்போது ஆசிட் இருக்கான்னு ஒரு துண்டு பேப்பர் வச்சி பாக்கணும். ஒருத்தரும் பாக்கல. நானும் பாக்கல. ஒங்களுக்கு ஆள் விட்டு சொல்லித் தரவும் இல்ல."

நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னார். எந்த மொழியில் என்று கேட்டேன். தமிழிலேயே எழுதுங்கள், கீழே நான் மாற்றி எழுதிக்கொள்கிறேன் என்றார். பள்ளியை விட்ட பிறகு நான் எழுதிய நீளமான விஷயம் அதுதான். ஒன்றரைப் பக்கம் வந்தது. மேனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இரண்டு வாரம் பேசாமல் இருந்திருந்தால் முடிந்திருக்குமே, இப்போது ஏன் வந்து சொன்னாய் என்று மலாயில் கேட்டார். திட்டுகிறாரா, உண்மையாகவே கேட்கிறாரா என்று புரியவில்லை. பிள்ளை பெறப்போகிற ஒரு பெண் அங்கே இருக்கிறாள் என்று சொல்ல நினைத்தேன்.  தலையைக் குனிந்து நின்றேன்.

வேலை உண்டா இல்லையா என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை. மிஸ் மட்டும் புதுப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கி, "நாளைக்கே போய் எடுத்துட்டு வாங்க" என்றார். வாசல்வரை வந்து, "முடிவு வர்ற வரைக்கும் சுத்தம்னும் சொல்லக் கூடாது, அசுத்தம்னும் சொல்லக் கூடாது" என்று எச்சரித்தார்.

மறுநாள் காலை நான் போனபோது அண்ணன் வீட்டுப் பின்படியில் உட்கார்ந்து விரால் ஒன்றைச் செதில் சீவிக்கொண்டிருந்தார். முந்தின சாயங்காலம் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், சுகப்பிரசவம். அண்ணி உள்ளே மிளகும் இஞ்சியும் இடித்துக்கொண்டிருந்தார். டிரம்மில் இன்னும் பதினொன்று நீந்தின.

"வாடா தம்பி. தாத்தாவாயிட்டேன். மொத சூப்பு கொண்டு போவணும், அப்புறம் படகு. ஒக்காரு."

நான் உட்காரவில்லை. "அண்ணே, இந்த மீன் வேணாம்."

"என்னா?"

"நான் அன்னிக்கு சுத்தம்னு சொன்னேன்ல. அது இல்ல. சுத்தமா இல்லையான்னு தெரியாது. நான் போத்தல தப்பா கழுவிட்டேன். எட்டு மாசத்து ரிசல்ட்டும் செல்லாது."

அவர் கத்தியை நிறுத்தாமல் இன்னும் இரண்டு இழுப்பு சீவினார். "நீ இங்க வந்து மூணு வருசமாகுது. வாயத் தொறந்ததே ரெண்டு தடவ. மொத தடவ சுத்தம்ன. இப்ப ரெண்டாவது தடவ தொறந்து, தெரியாதுன்ற."

"ஆமாண்ணே."

"ரெண்டு மாசமா எம் மவ இந்த ஆத்து மீனதான்டா சாப்பிட்டா. நீ சொன்னேன்னு நான் போட்டேன்."

ஐஸ் பெட்டியைப் பிடித்தபடி நின்றேன். இடிக்கும் சத்தம் நின்றுபோய், அண்ணி கதவில் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. கணவர் கையிலிருந்த மீனை வாங்கி ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டினார்.

"தெரியாத மீன எதுக்கு பச்ச உடம்புக்காரிக்கு? போய் வேற மீன் வாங்கிட்டு வாங்க."

"வாங்கறதா? பண்ணை மீனா? சப்புன்னு இருக்கும்."

"இருக்கட்டும். அவ ருசி பாக்க கேக்கல."

படகில் நாங்கள் இருவரும் பேசவில்லை. நான் பேசாதது புதிதல்ல, அவர் பேசாதது புதிது. மிஸ் சொன்னபடி ஒரு சுத்தமான வெள்ளை மூடிப் போத்தலை அலசித் தண்ணீர் பிடித்து, அதிலிருந்து சிவப்பு மூடிப் போத்தலுக்குள் கழுத்துவரை ஊற்றி, வழியவிடாமல் மூடினேன். கையுறை போட்டிருந்தேன். அவர் ஒவ்வொரு போத்தலையும் நான் மூடி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பியதும் என் காரிலேயே பக்கத்து ஊரான சாஆவின் சந்தைக்குப் போனோம். அவர் மூன்று கடை ஏறி இறங்கி, ஒவ்வொரு விராலின் கண்ணையும் பார்த்து, "இதெல்லாம் மீனா" என்று முணுமுணுத்து, கடைசியில் இரண்டு வாங்கினார். அவரை வீட்டில் இறக்கிவிட்டு நான் ஐஸ் பெட்டியோடு லேப்புக்கு ஓட்டினேன்.

எட்டு நாளில் முடிவு வந்தது. மற்ற மூன்று ஆறுகளிலும் பயப்படும்படி ஒன்றும் இல்லை. மூன்றாவது ஆற்றில் ஈயமும் செம்பும் இருந்தன, இருக்கக் கூடாத அளவில். அண்ணன் பார்த்த அந்தப் பச்சை நீலம் செம்புதான் என்று மிஸ் சொன்னார். கருவி இல்லாமலே அண்ணன் கண்டுபிடித்திருந்தார். நான்தான் அவரை மறுத்துப் பேசியிருந்தேன்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. அரசாங்க அதிகாரிகள் வந்தார்கள். தண்ணீர் பிடிக்க என்னையும் கூட்டிக்கொண்டார்கள். அப்போதுதான் வேலை போகவில்லை என்று எனக்கு உறுதியானது. ஆற்றோரமாக மேலே நடந்து, எங்கெல்லாம் ஓடை வந்து கலக்கிறதோ அங்கெல்லாம் கலப்பதற்கு மேலே ஒரு போத்தல், கீழே ஒரு போத்தல். மேலே இல்லாதது கீழே இருந்தால் அந்த ஓடைதான். மூன்று நாள் அட்டைக் கடியும் முள்ளுமாக நடந்தோம். முடிவுகள் ஒரு சின்ன ஓடையைக் காட்டின. அதைப் பிடித்துக்கொண்டு போனால் செம்பனைக்கு நடுவே தகர வேலி போட்ட ஒரு கொட்டகை. பழைய கணினிப் பலகைகளும் ஒயர்களும் குவியல் குவியலாக. அவற்றை எரித்தும் அமிலத்தில் ஊறவைத்தும் உலோகம் எடுத்துவிட்டுக் கழிவை ஓடைக்குள் விட்டிருந்தார்கள். ஆட்கள் ஓடிவிட்டார்கள். கொட்டகைக்கு முத்திரை வைத்தார்கள். கறுத்துப்போன மண்ணை வாரக்கணக்கில் லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். டிரம்மில் இருந்த விரால்களை அதிகாரிகள் சோதனைக்கு வாங்கிப்போனார்கள். "எம் மீனுக்கு பரீட்ச வச்சது நீதான்டா" என்றார் அண்ணன். அவர் என்னிடம் மறுபடி பேசிய முதல் வார்த்தை அதுதான்.

லேப்பில் மிஸ் ஒரு காரியம் செய்தார். சிவப்பு மூடிப் போத்தல்கள் எல்லாவற்றிலும் ஒட்ட ஒரு சீட்டுத் தயாரித்தார். மலாய், தமிழ், வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்காக வங்காளம் என்று மூன்று மொழி. தமிழ் வரியை என்னை எழுதச் சொன்னார். 'உள்ளே இருப்பது மருந்து. கொட்டாதே, கழுவாதே' என்று எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்தையே அச்சடித்துவிட்டார்கள். வேறு ஒரு மாவட்டத்தில் தண்ணீர் பிடிக்கும் ஒருவர், சீட்டைப் பார்த்த பிறகு வந்து, தானும் கழுவிக்கொண்டிருந்ததாகச் சொன்னாராம். அதைக் கேட்டு அன்று எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

ஆனால் அதற்கு முன்னால் இரண்டு வாரம் தூக்கமில்லை. அண்ணன் மகளுக்குக் கிளினிக்கில் விஷயத்தைச் சொல்லி, ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். தாயின் ரத்தத்தில் ஈயம் இருந்தால் குழந்தைக்கும் போகும் என்று யாரோ சொன்னதிலிருந்து அண்ணி சரியாகச் சாப்பிடவில்லை. நான் அந்த வீட்டுக்குப் போவேன், படகில் ஏறுவேன், இறங்குவேன், உள்ளே தொட்டில் ஆடும் சத்தம் கேட்கும், தலை நிமிராமல் வந்துவிடுவேன்.

குழந்தைக்கு முப்பதாம் நாள் தலைமுடி இறக்கினார்கள். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன், மனைவி விடவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அண்ணன் பந்தலுக்குள்ளிருந்து கத்தினார்.

"ஏய் தம்பி, ரிசல்ட்டு வந்திருச்சு. இது ஒங்க லேப்பு ரிசல்ட்டு இல்ல, ஆஸ்பத்திரி ரிசல்ட்டு, நம்பலாம்."

பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள்.  மகள் உள்ளே கூப்பிட்டு, போனில் இருந்த கடிதத்தைக் காட்டினாள். கவலைப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை, தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்கலாம் என்று எழுதியிருந்ததாம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை அவள் மடியில் பால் குடித்துக்கொண்டே தூங்கிப்போயிருந்தது.

மூன்றாம் மாதம் அவர்கள் செனாய்க்குத் திரும்பினார்கள். அன்று நான் தண்ணீர் கொண்டுபோகிற நாள். மருமகனுக்கு விடுப்புக் கிடைக்காததால் என் காரிலேயே வரட்டும் என்று அண்ணன் சொன்னார். அவர் அதைச் சொன்னபோது நான் காரைத் துடைக்கப் போய்விட்டேன். பின் இருக்கையில் மகளும் குழந்தையும் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் என் ஐஸ் பெட்டி. நெடுஞ்சாலை ஏறும்வரை குழந்தை அழுதது, ஏறியதும் அடங்கிவிட்டது.

"மாமா, இந்தப் பெட்டியில நம்ம ஆத்துத் தண்ணியும் இருக்கா?"

"இருக்கும்மா."

"இந்த தடவ எப்படி இருக்கும்?"

"போன தடவ கொஞ்சம் எறங்கியிருந்துச்சு. இது எப்படின்னு இன்னும் தெரியாது. அடுத்த வாரம்தான் தெரியும்."

"தெரிஞ்சதும் எனக்கு போன் பண்ணுங்க. அடுத்த பிரசவத்துக்கும் நான் அங்கதான் வருவேன்."

அடுத்த வாரம் மிஸ் கணினியைப் பார்த்து வாசித்ததை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு, லேப்புக்கு வெளியே காருக்குள் உட்கார்ந்து, அவளுக்கு நானே போன் செய்தேன்.

"எறங்கியிருக்கும்மா. பாதிக்கும் கீழ வந்திருச்சு. மீன் இன்னும் சாப்பிடக் கூடாது. ஆனா எறங்குது."

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ சத்தம் போட்டது. "அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க மாமா" என்றாள். "நீங்க சொன்னா நம்புவாரு."